வெளியே திருப்பி நிறுத்தப்பட்ட வீடு

1879-ல் சிட்னியில் ஒரு சர்வதேசப் பொருட்காட்சி நடந்தது. நியூசிலாந்து அரசு அதற்கு ஒரு முழு வீட்டையே அனுப்பிவைத்தது. வடக்குத் தீவின் ஃபகாதானே என்ற கடற்கரை ஊரில் ங்காத்தி அவா மக்கள் கட்டிய மாதாத்துவா என்ற சபை வீடு அது. 1860-களில் அரசு அவர்களுடைய நிலங்களைப் பறிமுதல் செய்திருந்தது. நிலத்தை இழந்த மக்கள், சிதறிப்போன தங்களை மறுபடி ஒன்றுசேர்த்துக்கொள்ள எழுப்பிய வீடு. 1875-ல் திறந்தார்கள். நான்கே வருடத்தில் அது கப்பலேறிவிட்டது.

சிட்னியில் அதை எப்படி நிறுத்தினார்கள் என்பதுதான் விஷயம். உள்சுவரில் வரிசையாக நின்ற செதுக்குப் பலகைகளை வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தார்கள். செலவு குறைவு, வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் வசதி. வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போகலாம், உள்ளே போகவேண்டிய அவசியமே இல்லை.

அங்கிருந்து மெல்போர்ன், அப்புறம் லண்டன். லண்டனில் கொஞ்ச நாள் காட்சிக்கு நின்றது, பிறகு கிட்டத்தட்ட நாற்பது வருடம் அருங்காட்சியகக் கிடங்கில் கிடந்தது. 1924-ல் வெம்ப்ளியில் நடந்த பேரரசுப் பொருட்காட்சிக்கு மறுபடி வெளியே எடுத்தார்கள். 1925-ல் இன்னொரு பொருட்காட்சிக்காக நியூசிலாந்தின் டனீடனுக்கு வந்தது. ஊர் திரும்பவில்லை, நாடுதான் திரும்பியது. டனீடனில் இருக்கும் ஒட்டாகோ அருங்காட்சியகத்தின் கூடத்துக்குள் அடங்குவதற்காக அதன் பாகங்களை வெட்டிக் குறைத்தார்கள்.

மாவோரிச் செதுக்கல்களில் இருக்கும் குறியீடுகளுக்கு என்ன அர்த்தம் என்று தேடப் போய்த்தான் இந்த வீட்டின் கதைக்குள் விழுந்தேன். எத்தனையோ விளக்கக் குறிப்புகளைப் படித்தேன். திருப்பி நிறுத்திய இந்தச் சுவர்களைப் போல எதுவும் எனக்கு விஷயத்தைப் புரியவைக்கவில்லை.

*

நியூசிலாந்தில் பச்சைக்கல் பதக்கம் ஒன்று வாங்கினால் கூடவே ஒரு சின்ன அட்டை தருவார்கள். சுருள் என்றால் புதிய தொடக்கம். மீன்தூண்டில் என்றால் வளம், கடற்பயணத்தில் பாதுகாப்பு. அலகு வைத்த பக்கவாட்டு உருவம் என்றால் காவல். இடதுபக்கம் படம், வலதுபக்கம் பொருள்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். இந்த அட்டையைப் பார்த்தால் என் கண்ணுக்கு அது ஒரு லுக்-அப் டேபிள். இந்தப் பக்கம் ஒரு சாவி கொடுத்தால் அந்தப் பக்கம் ஒரு மதிப்பு வரும். நாங்கள் தினமும் இப்படித்தான் வேலை செய்கிறோம். உங்கள் கணினியில் சேவ் பொத்தானில் இருக்கும் ஃபிளாப்பி டிஸ்க் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளாப்பியைக் கையில் தொட்டே பார்க்காத பையனுக்கும் அதன் பொருள் தெரியும். ஐகானின் வேலையே அதுதான். யார் பார்த்தாலும், எந்த ஊரில் பார்த்தாலும், முன்பின் அறிமுகம் இல்லாமலே புரிய வேண்டும். அது அந்நியர்களுக்காகச் செய்யப்படுவது.

மாவோரிச் செதுக்கல் இதற்கு நேரெதிர் திசையில் போகிறது. அது உறவினர்களுக்காகச் செய்யப்பட்டது. அட்டையில் இருப்பது முழுப் பொய் என்று சொல்ல வரவில்லை. 'கோரு' என்ற சொல் விரியாத இளம் பெரணிக் குருத்தைக் குறிக்கிறது. குருத்து என்றால் துளிர்ப்புதானே, சரி. ஆனால் அட்டை ஒரு கேள்வியைக் கேட்கவே விடுவதில்லை. யாருடைய குருத்து?

*

முதலில் வீட்டுக்குள் போவோம், சிட்னிக்காரர்கள் போகாத மாதிரி இல்லாமல்.

மாவோரி மொழியில் இந்தச் சபை வீட்டை ஃபரேநுயி என்பார்கள், பெரிய வீடு என்று பொருள். பெரும்பாலும் அந்த வீட்டுக்கு ஒரு மூதாதையின் பெயர் இருக்கும். அது மட்டுமில்லை, வீடே அந்த மூதாதையின் உடம்பு. முகப்பின் உச்சியில் இருக்கும் செதுக்குமுகம் அவருடைய முகம். அதிலிருந்து இருபுறமும் சரிந்து இறங்கும் பலகைகள் கைகள், அவற்றின் நுனிகள் விரல்கள். நீளவாக்கில் ஓடும் முகட்டு உத்தரம் முதுகெலும்பு, கைமரங்கள் விலா எலும்புகள். உத்தரத்தைத் தாங்கும் நடுத்தூண் இதயம். உள்ளே நுழைகிறவர் அவருடைய மார்புக்குள் நுழைகிறார்.

அந்த விலா எலும்புகள் சுவரில் வந்து இறங்கும் இடத்தில்தான் போபோ என்ற செதுக்குப் பலகைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மூதாதை. அவற்றுக்கு நடுவில் பெண்கள் பின்னிய தட்டிகள், மேலே கைமரங்களில் சிவப்பு, கறுப்பு, வெள்ளையில் தீட்டிய சுருள்கள். எல்லாம் சேர்ந்தால் அந்தக் குலத்தின் வம்சாவளி. ஃபகபாபா என்பார்கள். அடுக்கின்மேல் அடுக்காக வைப்பது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

வீட்டுக்கு முன்னால் நின்று பேச எழும் பேச்சாளர் வீட்டையும் வணங்கிப் பேசுவார், ஒரு மனிதரிடம் பேசுவது போல. இறந்தவர்களையும் விளித்துப் பேசுவார். கொண்டாட்டம், பஞ்சாயத்து, சாவு, எல்லாம் இந்த இடத்தில்தான். இரவில் விருந்தினர்கள் அந்தப் பலகைகளின் காலடியில் வரிசையாகப் படுத்துத் தூங்குகிறார்கள். தாத்தாவுக்குத் தாத்தாவின் காலடியில் தூங்குகிறவன், 'இந்த உருவம் எதைக் குறிக்கிறது?' என்று கேட்பானா? அவன் கேட்கும் கேள்வி 'இவர் யார்?' என்பதாகத்தான் இருக்கும். பெரியவர் ஒருவர் பெயரைச் சொல்வார், பெயரோடு கதையும் வரும். கையில் என்ன பிடித்திருக்கிறார், தோளருகே ஏன் அந்த மீன், ஏன் அந்தப் பறவை, எல்லாம் அந்தக் கதையில் இருக்கும்.

இப்போது சிட்னிக்குத் திரும்பிப் பாருங்கள். பலகைகளை வெளியே திருப்பியபோது அவை செலவு மிச்சம் செய்ததோடு நிற்கவில்லை. ஒரு மனிதரின் உள்ளிருந்த முன்னோர்களை எடுத்து அவருடைய தோலின்மேல் ஒட்டிவிட்டார்கள். பலகைகள் அப்படியேதான் இருந்தன, ஒரு சுருள்கூட அழியவில்லை. அட்டை எழுதுகிறவருக்கு எல்லாத் தகவலும் பத்திரமாக இருந்தது. போனது அவை யாரைப் பார்த்து நின்றன என்பது மட்டும்தான்.

*

விளக்கங்களுக்குப் பஞ்சம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மாவோரி உருவங்கள் பலவற்றில் கையில் மூன்றே விரல்கள்தான் இருக்கும். ஏன்? பிறப்பு, வாழ்வு, இறப்பு என்று ஒரு விளக்கம். தானே என்ற தெய்வம் வானிலிருந்து கொண்டுவந்த மூன்று ஞானக் கூடைகள் என்று இன்னொன்று. முதல் செதுக்குக் கலைஞனுக்கே மூன்று விரல்தான், அதனால் தன்னைப் போலவே செதுக்கினான் என்று ஒரு பழங்கதை. உருவம் பறவைமனிதனுடையது, ஆகவே அது நகங்கொண்ட கால் என்று ஆய்வாளர்களில் ஒரு தரப்பு. இதற்கு நடுவில், நான்கு விரல், ஐந்து விரல் வைத்த பழைய உருவங்களும் சாவகாசமாக நின்றுகொண்டிருக்கின்றன.

அலகு வைத்த 'மனாயா' உருவத்தைப் பற்றியும் இப்படி ஒரு வழக்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் எச்.டி. ஸ்கின்னர் அதில் பறவையைப் பார்த்தார். கில்பர்ட் ஆர்ச்சி அதை மறுத்தார். அது பக்கவாட்டில் பார்த்த மனித முகம்தான் என்றார். அவருடைய வாதம் அழகானது. இரண்டு மனாயாக்களை எதிரெதிரே மூக்கோடு மூக்கு ஒட்டிவைத்தால் நேராகப் பார்க்கும் ஒரு முழு முகம் கிடைத்துவிடும். நானே ஒரு படத்தை எடுத்து, கண்ணாடிப் பிம்பம் போட்டு, ஒட்டிப் பார்த்தேன். முழித்த கண்ணும் விரிந்த வாயுமாக ஒரு முகம் திரையில் வந்து நின்றபோது கொஞ்சம் பின்னால் சாய்ந்துதான் உட்கார்ந்தேன்.

ஆனாலும் கவனியுங்கள். ஸ்கின்னரும் ஆர்ச்சியும் கேட்டது 'இது என்ன?' என்ற கேள்வி. அருங்காட்சியகத்தில் வேலை செய்கிறவர்களின் கேள்வி அது, அங்கே அது நியாயமும்கூட. செதுக்குகிறவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் பெயர்கள். இணைகோடுகளுக்கு ஹாயேஹாயே. அவற்றுக்கு நடுவே உளியால் கொத்தும் பல்வரிசைக்குப் பாகாத்தி. மீன்செதில் மாதிரி ஓடும் வரிக்கு உனாவுனாஹி. சதுப்புக்கோழியின் காலடித் தடம் மாதிரியான வரிக்குப் பாகுரா. உணவுக் களஞ்சியங்களில் வரும் ஒரு பல்வரிசைக்குத் தராதரா-அ-காய். இதெல்லாம் தொழில் செய்கிறவன் தன் கைக்கு வைத்துக்கொண்ட பெயர்கள். பெயரைப் பொருளாக மாற்றும் அவசரம் பார்க்கிறவனுடையது என்றே எனக்குத் தோன்றுகிறது.

*

செதுக்கல் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கிழக்குக் கரை மக்களிடம் ஒரு கதை இருக்கிறது. ருவாதேபுபுகே என்பவரின் மகன் கடலின் தெய்வமான தங்காரோவாவை அவமதித்துவிடுகிறான். தங்காரோவா அவனைக் கடலுக்குள் கொண்டுபோய்த் தன் வீட்டு முகப்பின் உச்சியில் மர உருவமாக நிறுத்திவிடுகிறார். மகனைத் தேடிக் கடலுக்கடியில் போகும் அப்பா, அந்த வீட்டுக்குள் தூண்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருப்பதைக் கேட்கிறார். உள்ளே இருக்கும் தூண்கள் பேசுகின்றன. வெளியே இருப்பவை, அவருடைய மகன் உட்பட, பேசுவதில்லை. அவர் வீட்டுக்குத் தீ வைக்கிறார். மகனையும் வெளித்தூண்கள் சிலவற்றையும் தூக்கிக்கொண்டு கரையேறுகிறார். பேசும் தூண்கள் உள்ளேயே எரிந்துபோயின. அதனால்தான் இன்றைக்கு மனிதர்களிடம் இருக்கும் செதுக்கல்கள் ஊமையாக இருக்கின்றன.

ஒரு கலை தன் பிறப்பைப் பற்றிச் சொல்லும் கதையில், பேசத் தெரிந்ததை இழந்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்வது சாதாரணம் இல்லை. ஊமையான மரத்துக்குப் பக்கத்தில் வாய் இருக்கும் ஒருவர் நின்றாக வேண்டும். மரம் ஞாபகப்படுத்தும், மனிதர்தான் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு ராஹாருஹி ருகுபோவின் வாழ்க்கையே சாட்சி.

*

ருகுபோ இன்றைய கிஸ்போர்ன் பகுதியில் வாழ்ந்த ரோங்கோஃபகாதா குலத்தின் தலைவர், செதுக்குக் கலைஞரும்கூட. 1840-களின் தொடக்கத்தில், இறந்துபோன தன் அண்ணனின் நினைவாக 'தே ஹாவ் கி தூரங்கா' என்ற வீட்டைக் கட்டினார். கல் வாய்ச்சியும் பச்சைக்கல் உளியும் போய் இரும்பு உளி வந்திருந்த காலம். கூரான இரும்பு கிடைத்ததும் கோடுகள் ஆழமாயின, நெருக்கமாயின. பாவா சிப்பி பதித்த கண்கள் இருட்டிலும் மின்னும்.

அந்த வீட்டில் ருகுபோ தன்னையும் செதுக்கிவைத்தார். முகம் முழுக்க அவருடைய பச்சைக்கோலம், மோகோ. முகத்து மோகோ ஆளுக்கு ஆள் வேறு, அது ஒருவரின் கையெழுத்து மாதிரி. மாதிரி என்ன, கையெழுத்தேதான். 1840-ன் வைதாங்கி ஒப்பந்தத்தில் சில தலைவர்கள் தங்கள் மோகோவின் கோடுகளையே வரைந்து ஒப்பமிட்டார்கள். அதற்கும் முன்னால், 1814-ல் சிட்னிக்குப் போன ஹோங்கி ஹிகா என்ற தலைவர் ஒரு மரக்கட்டையில் தன் தலையைத் தானே செதுக்கிக் கொடுத்தார், மோகோவோடு. 'நான் யார்' என்பதற்கு அவர் கொடுத்த பதில்.

1867-ல் அரசின் சார்பில் வந்த ஜே.சி. ரிச்மண்டின் ஏற்பாட்டில் ருகுபோவின் வீட்டைப் பிரித்துக் கப்பலில் ஏற்றி வெலிங்டனுக்குக் கொண்டுபோனார்கள். 100 பவுன் கொடுத்தோம் என்று அரசுத் தரப்பு சொன்னது. ருகுபோ அதே ஆண்டில் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். எங்கள் சம்மதம் இல்லாமல் எடுத்துப் போனார்கள், திருப்பித் தாருங்கள் என்பதுதான் சாரம். வீடு திரும்பவில்லை. 1873-ல் அவர் இறந்துபோனார். அவர் செதுக்கிய அவருடைய முகம் அருங்காட்சியகத்தில் இருந்தது.

2004-ல் வைதாங்கி தீர்ப்பாயம் ருகுபோவின் மக்கள் பக்கம் நின்றது, வீடு எடுக்கப்பட்ட விதம் முறையற்றது என்றது. 2012-ல் சட்டப்படி உரிமை அவர்களுக்குத் திரும்பியது. ஒரு மனுவுக்குப் பதில் கிடைக்க 145 வருடம்.

*

மறைத்துவைத்தும் காப்பாற்றியிருக்கிறார்கள். 1820-களில் துப்பாக்கிப் போர்கள் நடந்த சமயத்தில் தரனாகியின் தே ஆதியாவா மக்கள் ஒரு களஞ்சியத்தின் ஐந்து செதுக்குப் பலகைகளைச் சதுப்பு நிலத்தில் புதைத்தார்கள். காற்றுப் புகாத சேற்றில் மரம் கெடாது. பாம்பு மாதிரி நெளியும் உடல்கள், உச்சி கூம்பிய தலைகள், தரனாகியின் தனிப் பாணி. நிலைமை சரியானதும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள். நிலைமை சரியாகவில்லை.

1970-களின் தொடக்கத்தில் மொதுநுயி என்ற இடத்தில் பலகைகள் வெளிப்பட்டன. அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுக் கடத்தப்பட்டு, ஜெனீவாவில் இருந்த ஜார்ஜ் ஓர்டிஸ் என்ற சேகரிப்பாளரிடம் போய்ச் சேர்ந்தன. 1977-ல் ஓர்டிஸின் மகள் கடத்தப்பட்டாள். பணயத்தொகையால் ஏற்பட்ட நெருக்கடியில் அவர் தன் சேகரிப்பின் ஒரு பகுதியை 1978-ல் லண்டனில் ஏலத்துக்கு விட்டார். அப்போதுதான் நியூசிலாந்து அரசுக்கு விஷயமே தெரிந்தது. வழக்குப் போட்டது. 1983-ல் பிரிட்டனின் உச்ச மன்றமான பிரபுக்கள் சபையில் தோற்றது. அனுமதியின்றி ஏற்றுமதியான பொருள் அரசுக்குச் சொந்தமாகும் என்று நியூசிலாந்தின் சட்டம் சொன்னதே? சொன்னது. ஆனால் அது கைப்பற்றப்பட்ட பிறகுதான் சொந்தமாகும், நீங்கள்தான் கைப்பற்றவே இல்லையே என்றது தீர்ப்பு. சட்டத்தின் வாசகத்தை இவ்வளவு நுணுக்கமாகப் படித்தவர்கள் பலகையை யாரும் படிக்கவில்லை. ஓர்டிஸ் இறந்த பிறகு, 2014-ல் அரசு விலைகொடுத்து வாங்கித்தான் அவை தரனாகிக்கு வந்தன.

அந்தப் பலகைகளில் இருக்கும் உருவங்கள் ஒவ்வொன்றும் யார் என்று சொல்லும் கதை நடுவில் அறுந்திருக்கிறது. ஆனாலும் அவை வந்து இறங்கியபோது அந்த ஊர் மக்கள் அவற்றை உறவினர்களைப் போலத்தான் எதிர்கொண்டார்கள். பெயர் மறந்த தாத்தாவும் தாத்தாதான்.

*

இந்த இடத்தில் நம் ஆள் ஒருவர் வருகிறார்.

வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி 1836 வாக்கில் வடக்குத் தீவில் ஃபங்காரே பக்கம் போயிருந்தபோது, மாவோரிகள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். அது தலைகீழாகக் கவிழ்த்த மணியின் உடைந்த பகுதி. விழுந்த ஒரு மரத்தின் வேரடியில் கிடைத்தது என்றார்கள். ஒரு இரும்புச் சட்டியைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார். மணியைச் சுற்றி எழுத்து ஓடியது. பிற்பாடுதான் அது தமிழ் என்று தெரிந்தது. முகைதீன் பக்ஸ் என்று வாசிக்கப்படும் ஒருவருடைய கப்பலின் மணி என்பதே செய்தி. அந்த மணி இன்றைக்கு வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. ருகுபோவின் வீட்டை வைத்திருந்த அதே நிறுவனம்.

அந்த எழுத்துகளை நான் வாசித்துவிட முடியும். என் மொழி. ஆனால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. முகைதீன் பக்ஸ் யார்? எந்தத் துறைமுகம்? யாருடைய பிள்ளை, யாருக்குத் தகப்பன்? மணி எப்படி அங்கே போனது என்பதற்கு ஊகங்கள் உண்டு, வாரிசு ஒருவரும் இல்லை. எழுத்து முழுசாக இருக்கிறது, சொல்ல ஆள் இல்லை.

ருகுபோவின் பலகைகளில் எழுத்தே கிடையாது. அவற்றுக்கு முன்னால் வந்து நின்று, 'இவர் இன்னார், எனக்கு இத்தனாவது தலைமுறை' என்று சொல்ல இன்றும் மக்கள் இருக்கிறார்கள். பின்னாளில் சில வீடுகளில் பலகைகள்மேல் முன்னோரின் பெயரை ரோமன் எழுத்தில் பொறிக்கவும் ஆரம்பித்தார்கள். சொல்கிற வாய் ஒருநாள் இல்லாமல் போகலாம் என்ற பயம் அதில் தெரிகிறது. பயம் வீண் இல்லை. ஆனால் பெயர் மட்டும் இருந்தால் என்ன மிஞ்சும் என்பதற்கு அந்த மணி இருக்கிறது.

சரி, அப்ப வெளியாளுக்கு இதில் இடமே இல்லையா? இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். மராயே என்ற அந்த முற்றத்தில் வெளியாட்கள் வாசலில் காத்து நிற்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரு பெண் குரலெடுத்து அழைப்பார். அதன்பிறகு நடந்து போகலாம். யார் வந்திருக்கிறார்கள் என்று அவர்கள் கேட்பார்கள், இவர்கள் யார் என்று நாம் கேட்கலாம். ஒழுங்கு அவ்வளவுதான். சிட்னியில் வீட்டைத் திருப்பி வைத்தவர்கள் இந்த அழைப்புக்குக் காத்திருக்க வேண்டிய தேவையையே இல்லாமல் ஆக்கினார்கள். பதக்கத்தோடு வரும் அட்டையும் அதையேதான் செய்கிறது, கொஞ்சம் மரியாதையான தாளில்.

ங்காத்தி அவா மக்கள் பல ஆண்டுகள் போராடியபிறகு, 1996-ல் மாதாத்துவாவைத் திருப்பித் தர ஒப்பந்தமானது. வெட்டிக் குறைத்த பாகங்களை மறுபடி செய்து சேர்க்க வேண்டியிருந்தது. 2011 செப்டம்பரில் ஃபகாதானேயில் அந்த வீடு மீண்டும் திறக்கப்பட்டது. போனதிலிருந்து 132 வருடம். பலகைகள் இப்போது உள்ளே பார்த்து நிற்கின்றன.